சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடல், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. அப்பாடலில் ஓர் உப்பு வண்டி வருகின்றது. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டிற்குக் கொண்டு சென்று விற்கும் வணிகரை உமணர் என்பர். அவ்வுமணரின் வண்டியில் பூட்டப்பட்ட எருதுகள் இளையவை. நுகத்தின் பாரத்தை இன்னும் அறியாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டுள்ளது. வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டும். மேட்டில் ஏறவும் வேண்டும். அங்கே வண்டிக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் யாவர்? இதனை எண்ணிய உமணர், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். ஓடுகின்ற அச்சு முறிந்தால் அதன் இடத்தில் பூட்டுவதற்காகக் கொண்டு செல்லும் அச்சு அது. அதற்குச் சேம அச்சு என்பது பெயர். சேமம் என்றால் பாதுகாப்பு. குடிமக்களுக்கு இடர் வந்தபோது துணை நிற்கும் தலைவனுக்கு அந்த அச்சினை ஔவையார் உவமையாக்கினார்.

இப்பாடலை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தினேன். சொற்பொருள் கூறினேன், உவமையை விளக்கினேன், இலக்கணக் குறிப்பும் எழுதச் செய்தேன். ஆயினும், அச்சொல்லின் பொருள் எனக்கு நன்கு விளங்கியது 2008ஆம் ஆண்டில், ஒரு மலைப்பாதையில், இருள் சூழ்ந்த வேளையில். என்னுடைய பிழையால்தான் விளங்கியது. அதனை மறைக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல், கொழுக்குமலை என்னும் இடம் உள்ளது. கடல் மட்டத்திற்கு ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. நிலம் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால், வண்டியில் செல்வோர் கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில் உள்ள சூரியநெல்லிக்குச் சென்று, அங்கிருந்துதான் ஏற வேண்டும். நம் பக்கத்திலிருந்து ஏறுவோருக்குக் குரங்கணி வழியாக நடைபாதை மட்டுமே உண்டு. சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதையையும் பாதை என்று சொல்லுதல் மிகையே. தேயிலைச் செடிகளுக்கு இடையே கருங்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மழைநீர் அறுத்த பள்ளங்கள் குறுக்கே கிடக்கும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வண்டி ஒன்றே அதில் ஏறும். தொலைவு சில கிலோமீட்டர்தான். எனினும் ஏறிச் செல்ல ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும்.

அப்பாதையில் ஜீப் ஓட்டுபவர்களுள் ஒருவர் என் பழைய மாணாக்கர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பள்ளியில் படித்தபோது செய்யுளை மனப்பாடம் செய்ய மிகவும் இடர்ப்படுவார். அதற்காக நான் அவரைப் பலமுறை கடிந்ததுண்டு. பின்னர் ஒரு பட்டறையில் சேர்ந்து தொழில் கற்று, சொந்தமாக ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கி, தோட்டத்திற்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்று பிழைத்து வந்தார்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்காகப் பழைய கதைப் புத்தகங்களைத் திரட்டி, இரண்டு மூட்டைகளாகக் கட்டிக்கொண்டு அவரிடம் சென்றேன். காலையில் வண்டி புறப்படும் நேரம். தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளர் அறுவர் பின்னால் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய காலடியில் அரிசி மூட்டைகளும் மண்ணெண்ணெய்த் தகரமும் இருந்தன. என் புத்தக மூட்டைகளுள் ஒன்றுக்கே இடம் கிடைத்தது. மற்றொன்றுக்கு இடமில்லை. அவ்விடத்தில் பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது.

“அப்பெட்டியில் என்ன இருக்கிறது, தம்பி?” என்று கேட்டேன்.

“வண்டிக்கு வேண்டிய மாற்றுச் சாமான்கள், ஐயா” என்றார்.

“மாலையில் திரும்பிவிடப் போகிறோமே! அதனை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தை ஏற்றலாம்” என்றேன்.

அவர் சற்றே தயங்கினார். “ஐயா, அது வண்டியோடு இருக்க வேண்டிய பெட்டி” என்று மெல்லச் சொன்னார்.

“ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?” என்றேன் நான்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆசிரியர் சொல்லை மறுத்துப் பழகாதவர். பெட்டியைத் தூக்கிச் சென்று பக்கத்திலிருந்த தேநீர்க் கடையில் வைத்துவிட்டு வந்தார். புத்தக மூட்டை ஏறியது; வண்டியும் புறப்பட்டது.

மலைமேல் குழந்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டனர். படம் போட்ட புத்தகங்களைக் கண்டு அவர்கள் அடைந்த மகிழ்ச்சியில் பொழுது போனதே தெரியவில்லை. மாலை ஐந்து மணி அளவில் புறப்பட இருந்தபோது, ஒரு தாய் தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடி வந்தார். ஆறு வயதுச் சிறுவன். இரண்டு நாளாகக் காய்ச்சலாம். அன்று பிற்பகல் முதல் மூச்சுவிடத் திணறுகின்றானாம். மருத்துவரைக் காண மலையை விட்டு இறங்கியாக வேண்டும். அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி இறங்கத் தொடங்கியது.

பாதி வழியில், ஒரு பெரிய கல்லின் மீது ஏறி இறங்கியபோது, அடியில் ‘படீர்’ என்று ஓர் ஓசை கேட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மாணாக்கர் இறங்கி, கைவிளக்குடன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. பின்பக்கத்து அச்சு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. இடப்பக்கச் சக்கரம் பின்னுக்குச் சென்று உடற்பகுதியில் உராய்ந்துகொண்டிருந்தது.

காரணம் மிகச் சிறியது. ஜீப்பின் அச்சுக்கு மேலே எஃகுப் பட்டைகள் பலவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். மேடு பள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்குவன அப்பட்டைகளே. அவற்றின் நடுவே துளையிட்டு, ஒரு போல்ட்டைச் செலுத்தி முடுக்கியிருப்பார்கள். தொழிலாளர் அதனைச் சென்டர் போல்ட் என்பர். அதன் தலை, அச்சின் மேலுள்ள ஒரு குழியில் பொருந்தி நிற்கும். பட்டைகள் கலையாமலும் அச்சு நகராமலும் காப்பது அதுவே. யு வடிவத்தில் வளைந்த பெரிய போல்ட்டுகள் அச்சையும் பட்டைகளையும் சேர்த்து இறுகப் பிடித்திருக்கும். அந்த யு போல்ட்டுகளின் நட்டு தளர்ந்தால், பாரம் முழுவதும் நடுவிலுள்ள போல்ட்டின் மீது விழும். அது விரலளவே உள்ளது. அந்தப் பாரத்தைத் தாங்காமல் அறுந்துவிடும். அன்று நிகழ்ந்தது அதுவே.

“பெட்டியில்தான் அந்தப் போல்ட்டு இருக்குமே, தம்பி!” என்றார் அந்தத் தாய். மலையில் உள்ள அனைவரும் அப்பெட்டியை அறிவர்.

மாணாக்கர் என்னைப் பார்க்கவில்லை. “பெட்டியைக் கீழேயே மறந்து வைத்துவிட்டேன், அக்கா. என் பிழைதான்” என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ‘அவர் மறக்கவில்லை, நான்தான் இறக்கச் சொன்னேன்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்பகுதி காட்டு யானைகள் நடமாடும் பகுதி. இருட்டில் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து செல்வது தகாது. தொலைபேசிக்கும் அவ்விடத்தில் தொடர்பு கிடைக்கவில்லை. எனவே, எங்களை வண்டிக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, மாணாக்கர் மட்டும் வேறு வண்டி கொண்டுவரக் கீழ்நோக்கி ஓடினார். பனிமூட்டம் வந்து கண்ணாடியை மறைத்தது. அச்சிறுவன் விடுகின்ற ஒவ்வொரு மூச்சும் சீழ்க்கைபோல் ஒலித்தது. தாய் அவன் மார்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அம்மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த மூச்சு வருமோ என்னும் அச்சம் ஒவ்வொரு முறையும் எழுந்தது. இரவு ஒன்பது மணிக்குத்தான் கீழே ஒரு வண்டியின் விளக்கொளி தெரிந்தது.

மருத்துவமனையில் அச்சிறுவனுக்கு மூச்சுக்குழாய் விரிவதற்கான மருந்தைப் புகையாகச் செலுத்தினார்கள். விடியும் முன்பே திணறல் தணிந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். அது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். என்னுடைய அறிவினால் விளைந்தது அன்று.

மறுநாள் காலை, தேநீர்க் கடையில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு, மற்றொரு வண்டியில் இருவரும் பழுதுபட்ட ஜீப் நிற்கும் இடத்திற்குச் சென்றோம். மாணாக்கர் ஜாக்கியின் அடியில் ஒரு பலகையை வைத்து வண்டியை உயர்த்தினார். யு போல்ட்டுகளைக் கழற்றினார். பட்டைகளை ஒரு பிடிகருவியால் நெருக்கிச் சேர்த்து, புதிய போல்ட்டைச் செலுத்தி முடுக்கினார். அச்சினை அதன் இடத்திற்குத் தள்ளி, யு போல்ட்டுகளை மீண்டும் பூட்டினார். ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதியாயிற்று. முதல் நாள் மாலையில் பெட்டி உடனிருந்திருந்தால், இரவு எட்டு மணிக்குள் அச்சிறுவன் மருத்துவரிடம் சேர்ந்திருப்பான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டபோது, “தம்பி, என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன்.

“அந்த யு போல்ட்டு நட்டுகளை வாரந்தோறும் முடுக்குவேன், ஐயா. சென்ற வாரம் முடுக்கத் தவறிவிட்டேன். ஆகையால், என் பிழை என்று நான் சொன்னது முழுப்பொய் அன்று” என்றார் அவர்.

அந்நேர்மை என்னை மேலும் நாணச் செய்தது. “இப்பெட்டியில் உள்ளவற்றைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல வேண்டும்” என்று கேட்டு, ஒரு பாறையின் மீது அமர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணாக்கன்.

“ஒரு வண்டியில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருக்கின்றன, ஐயா. எல்லாவற்றுக்கும் மாற்று வைத்துக்கொள்வதென்றால், பின்னால் இன்னொரு வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகையால், ஒரு சாமானைப் பெட்டியில் வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்பேன். இது கெட்டால் வண்டி நின்றுவிடுமா? நின்றால், இதனை வழியிலேயே என் கையால் மாற்ற முடியுமா? இதன் வேலையை வேறு ஏதேனும் செய்யுமா? இந்த மூன்றுக்கும் விடை பார்த்துத்தான் வைப்பேன்” என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலில் எடுத்தது விசிறி பெல்ட். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலச் செய்யும் பம்பு அதனால்தான் ஓடுகிறது. அது அறுந்தால் சிறிது நேரத்தில் எஞ்சின் கொதித்துவிடும். அதனை மாற்ற இரண்டு ஸ்பானர்களே போதும். அடுத்தவை ரேடியேட்டரின் மேல்குழாயும் கீழ்குழாயும், அவற்றை இறுக்கும் வளையங்களும். ரப்பர் குழாய் வெடித்தால் நீர் முழுவதும் வெளியேறிவிடும். ஆகையால் குழாயோடு ஒரு கேன் தண்ணீரும் வேண்டும். பின்னர் டீசல் வடிகட்டியும், ஒரு முழ நீளமுள்ள டீசல் குழாயும். டீசலில் கலந்த அழுக்கு வடிகட்டியை அடைத்தால், மேட்டில் ஏறும்போது எஞ்சின் வலுவிழந்து நிற்கும். “வடிகட்டியை மாற்றினால் மட்டும் போதாது, ஐயா; உள்ளே புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். அதற்குரிய திருகு எது என்று தெரியாதவனுக்கு வடிகட்டியால் பயன் இல்லை” என்றார்.

சென்டர் போல்ட் இரண்டும், யு போல்ட் ஒரு இணையும் இருந்தன. அவற்றின் எடை மிகச் சிறிது. சக்கரத்து நட்டுகள் சில, டயருக்குள் இடும் ட்யூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஒரு புட்டி பிரேக் எண்ணெய், ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய், விளக்குக் குமிழ்கள், ஃபியூஸ், மின்கம்பி, ஒட்டும் நாடா ஆகியவையும் இருந்தன. எஞ்சினின் விசையைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் தண்டின் முனையில் பூட்டும் ‘கிராஸ்’ என்னும் சிறு இணைப்பும் ஒன்று இருந்தது.

“இது வழியில் உடைந்து, கையில் மாற்று இல்லாவிட்டால்?” என்று கேட்டேன்.

“பின்தண்டில் உடைந்தால் அந்தத் தண்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, முன்சக்கரங்களின் விசையால் மெல்ல வீடு வந்து சேரலாம். நான்கு சக்கர விசை இருப்பதன் பயன் அது” என்றார்.

அவர் எவற்றை எடுத்துச் செல்வதில்லை என்பதையும் கேட்டறிந்தேன். எஞ்சினை இயக்கித் தொடங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மாற்று வைப்பதில்லை. அது கெட்டால் வண்டியைச் சரிவில் உருட்டி இயக்கலாம். மின்சாரம் ஆக்கும் கருவிக்கும் மாற்று இல்லை. அத்தகைய பழைய டீசல் எஞ்சின், ஓடத் தொடங்கிய பின்னர் மின்சாரம் இன்றியும் பகலெல்லாம் ஓடும். புகைக்குழாய் உடைந்தால் ஓசை மிகுமேயன்றி வண்டி நிற்காது. கியர்ப் பெட்டியின் உறுப்புகளையோ, டீசலைப் பீய்ச்சும் பம்பையோ மலைப்பாதையில் பிரித்துப் பூட்ட இயலாது. ஆகையால் அவற்றைச் சுமப்பதால் பயனில்லை. எஃகுப் பட்டையும் வைப்பதில்லை. அது கனமானது. பட்டை முறிந்தால் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகி, கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். டீசல் தொட்டியில் கல் பட்டுச் சிறு ஒழுக்கு ஏற்பட்டால், துணி துவைக்கும் சோப்பைத் தேய்த்து அடைத்தே வீடு திரும்பலாம்.

“இத்தனை கவனம் உள்ள நீர், இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன?” என்றேன்.

“பாரம் கூடினால் பட்டை முறியும், ஐயா. உடைந்தால் மாற்றுவதற்கென்று ஏற்றிய சாமானே வண்டியை உடைத்துவிடும்” என்றார்.

நான் வியந்து போனேன். மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் கூறியுள்ளார். அக்குறளை ஒப்பிக்க இயலாமல் என் வகுப்பில் எழுந்து நின்ற மாணவர், அதன் பொருளைத் தொழிலில் கற்றிருந்தார்.

இறுதியாக அவர் சொன்ன ஒன்றை நான் எஞ்ஞான்றும் மறவேன். பெட்டியில் இருந்த பெல்ட்டும் குழாய்களும் புதியவை அல்ல, சற்றே தேய்ந்தவை. காரணம் கேட்டேன். “புதியதை வாங்கியவுடன் வண்டியில் பூட்டிவிடுவேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றிப் பெட்டியில் வைப்பேன். புதியது அளவு சரியில்லை என்றால், அது பட்டறையிலேயே தெரிந்துவிடும். பழையதோ இந்த வண்டியில் பொருந்தி ஓடியது என்பது முன்பே தெரியும். அதனைக் கழற்றிப் பூட்டியதால் என் கைக்கும் அந்த வேலை பழகிவிடும். பெட்டியை விட்டு எடுக்காத புதிய சாமானை நம்பி மலை ஏறக்கூடாது, ஐயா” என்றார்.

ஊர் திரும்பிய பின், இப்பொருள் பற்றி நூல்களைத் தேடிப் படித்தேன். மாற்றுச் சக்கரத்தை நம் ஓட்டுநர்கள் ‘ஸ்டெப்னி’ என்கின்றனர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. அத்தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் உடன்பிறந்தார் இருவர், 1904ஆம் ஆண்டில் அவ்வகைச் சக்கரத்தைச் செய்து விற்றனர். அத்தெருவின் பெயரே நம் நாட்டில் பொருளின் பெயராகி நிலைத்துவிட்டது.

அதற்கும் முன்பு, 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனி நாட்டில் பெர்த்தா பென்சு என்னும் அம்மையார், தம் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்சைம் நகருக்குச் சென்றார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மோட்டார் வண்டியில் ஒருவர் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் அது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். தடைக்கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் சென்று அதற்குத் தோல் தைத்துப் பொருத்தச் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். அவ்வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அதனாலன்றோ ஊசியும் தோலும் அவருக்கு உதவின! மாணாக்கரின் மூன்றாம் கேள்விக்கு இது தக்க சான்று.

இன்றைய புதிய வண்டிகளில் மின்னணுக் கருவிகள் மிகுதி. அவற்றின் பெட்டியில் இருக்க வேண்டியவை வேறாக இருக்கலாம். எனினும் அம்மூன்று கேள்விகளும் அவற்றுக்கும் பொருந்துவனவே.

மறு ஆண்டுக் கோடையில் மீண்டும் அம்மலைக்குச் சென்றேன். இம்முறை பச்சைப் பெட்டியை நானே முதலில் தூக்கி வண்டியில் வைத்தேன். புத்தகங்களைக் குறைத்து, ஒரு கட்டாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். ஏறும் வழியில் விசிறி பெல்ட் நார் நாராய்ப் பிரிந்து அறுந்தது. மாணாக்கர் பெட்டியைத் திறந்தார். அரை மணி நேரத்தில் பழைய பெல்ட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டோம். ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தவன் நானே.

மேலே சென்றதும் அந்தத் தாயைத் தேடிச் சென்றேன். அச்சிறுவன் வாசலில் அமர்ந்து, நான் கொண்டு சென்ற புத்தகங்களுள் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். “அம்மா, சென்ற ஆண்டு பெட்டியை மறந்தவர் அவர் அல்லர். அதனை இறக்கி வைக்கச் சொன்னவன் நான். அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் இருந்துவிட்டேன்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்குத் தெரியுங்க, ஐயா. மறுநாளே தேநீர்க் கடைக்காரர் சொல்லிவிட்டார். அன்று இரவெல்லாம் எனக்கு ஓட்டுநர்த் தம்பிமேல்தான் கோபம். உண்மை தெரிந்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது. ஆனாலும், அந்தத் தம்பி உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லையே! அவர் காத்த மரியாதையை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்போது பெட்டி வண்டியில் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது, அம்மா” என்றேன்.

“அது போதும்” என்று சொல்லி, குடிப்பதற்குத் தேநீர் கொண்டுவர உள்ளே சென்றார்.

அதன் பின்னர், பணி ஓய்வு பெறும் வரையில், புறநானூற்றின் அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் இந்நிகழ்ச்சியையும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, உமணர் மாற்றுச் சக்கரத்தைக் கட்டாமல் அச்சை மட்டும் ஏன் கட்டிச் சென்றனர்?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளில் எவரும் கேட்காத கேள்வி அது. நான் அவளுக்கு நேராக விடை கூறவில்லை. மாணாக்கர் எனக்குச் சொன்ன மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதினேன். அவற்றைக் கொண்டு அவளையே விடை காணச் சொன்னேன்.